ஒரு பக்கத்தில ஒரு புல் ஸ்டொப்பும் இல்ல: கொட்டாஞ்சேனை சனிக்கிழமை வகுப்பு ஒண்டைப் பற்றின நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில ஒரு சின்ன மண்டபம். 2024 ஜூன்ல இருந்து 2025 மார்ச் ஓ/எல் பரீட்சை (தரம் 11 முடிவில எழுதுற அரச பரீட்சை) வரைக்கும் சனிக்கிழமைகளில காலமை ரெண்டு மணித்தியாலம் அங்க நான் இங்கிலீஷ் படிப்பிச்சனான். பிள்ளையள் 14 பேர், எல்லாரும் தமிழ் மீடியம். பாதிப் பேர் மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம், மிச்சம் ஜம்பட்டா வீதி, கொச்சிக்கடை பக்கம். நான் வெள்ளவத்தையில இருந்து பஸ்ஸில வந்து போறது. மண்டபத்துக்கு கரண்ட் காசு மட்டும் பிள்ளையளிட்ட எடுத்தம், மற்றபடி ஃபீஸ் இல்ல.

இந்தப் பிள்ளையள் தரம் 3ல இருந்து இங்கிலீஷ் ஒரு பாடமா படிச்சிருக்கினம், அப்ப எட்டு வருசத்துக்கு மேல. சொல்லுகள் தெரியும், கேட்டா விளங்கும், யூடியூப்ல இங்கிலீஷ் வீடியோ பாத்து சிரிப்பினம். எழுதச் சொன்னாத்தான் பிரச்சினை. இன்னொண்டும் இருக்கு, ஏ/எல், அதாவது தரம் 12, 13 படிக்கிறதுக்கு ஓ/எல்லில தாய்மொழியும் கணிதமும்தான் கட்டாயம் பாஸ் ஆக வேணும், இங்கிலீஷ் ஃபெயில் ஆனாலும் மேல போகலாம், இது பிள்ளையளுக்கு நல்லா தெரியும், அதால ஸ்கூல்லயும் வீட்டிலயும் இந்தப் பாடத்துக்கு கடைசி இடம்தான். பிறகு வேலை தேடேக்கதான் எல்லாருக்கும் சுடும்.

இந்த எழுத்து முக்கியமா ரெண்டு பிள்ளையளைச் சுத்தினது. ஒருவன் 16 வயசுப் பெடியன், தகப்பன் புறக்கோட்டையில லொறி ஓடுறவர். அவனை இதில பட்டப் பெடியன் எண்டு சொல்றன், ஏனெண்டு கீழ விளங்கும். மற்றது ஒரு பிள்ளை, நல்ல கெட்டிக்காரி, சொன்னதை அப்பிடியே செய்வா. அவா சொன்னதைச் செய்ததாலதான் என்ர பிழை எனக்கே தெரிஞ்சது.

முதல் கிழமை கண்டது

முதல் நாள் குடும்பத்தோட வெளிய போன ஒரு நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னன். பட்டப் பெடியன் எழுதினதை எழுத்துக் கூட்டல் பிழையை விட்டுட்டு இங்க தாறன்:

"வீ கோ டு கால் ஃபேஸ் மை அங்கிள் பை கைட் வின்ட் இஸ் ஸ்ட்ரோங் கைட் கோ அப் தென் ஸ்ட்ரிங் கட் கைட் கோ டு சீ மை சிஸ்டர் க்ரை வீ பை இஸ்ஸோ வடே ஷீ ஹெப்பி வீ கம் ஹோம்"

இப்பிடி முழுப் பக்கம். ஒரு புல் ஸ்டொப் இல்ல, பக்கம் முடியிற இடத்தில கூட இல்ல. கெப்பிட்டல் லெட்டர் அங்கங்க இருந்தது, ஆனா வசனம் தொடங்கிற இடத்தில இல்ல, அவனுக்கு வடிவா எழுத வாற எழுத்துகளில இருந்தது. கே எழுத்தை எங்க கண்டாலும் பெருசா போட்டிருந்தான். கேட்டன், "வடிவா இருக்கு சேர்" எண்டான்.

மற்றப் பிள்ளையளின்ர தாளும் கிட்டத்தட்ட இதுதான், ரெண்டு மூண்டு பேர் புல் ஸ்டொப்புக்கு பதிலா எல்லா இடத்திலயும் கொமா போட்டிருந்தினம். "ஷீ ஹெப்பி" மாதிரி இடையில வர வேண்டிய வினை இல்லாத வசனம் எல்லாரிட்டயும் இருந்தது. தமிழ்ல "அவ சந்தோசம்" எண்டா வசனம் முடிஞ்சுது, அங்க ஒண்டும் குறையேல்ல.

இன்னொரு விசயமும் அப்ப கண்டனான். வட்ஸ்அப்ல எனக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் போடுற ஒரு பெடியன் அதில "டோன்ட்", "கான்ட்" எல்லாத்துக்கும் அப்போஸ்ட்ரஃபி சரியா வச்சிருப்பான், வசனத்தில முதல் எழுத்தும் கெப்பிட்டலா இருக்கும். தாள்ல எழுதினா ஒண்டும் இல்ல. வச்சது அவன் இல்ல, ஃபோன். ஃபோனைப் பாத்து பிள்ளைக்கு தெரியும் எண்டு நினைச்சா ஏமாந்து போவம்.

முதல் முடிவு, அது ஏன் பிழைச்சது

நான் எடுத்த முதல் முடிவு ரெண்டு பகுதி. ஒண்டு, எல்லாப் பிழையையும் சிவப்புப் பேனையால திருத்திக் குடுக்கிறது. மற்றது, நான் சின்ன வயசில படிச்ச மாதிரியே படிப்பிக்கிறது, அதாவது வாசிக்கேக்க மூச்சு விடுற இடத்தில கொமா, நிப்பாட்டுற இடத்தில புல் ஸ்டொப். இது லேசான விதி, பிள்ளையளுக்கு உடன பிடிக்கும், படிப்பிக்கிறவருக்கும் வேலை குறைவு. வாசிக்கிறவன் எங்க நிக்க வேணும் எண்டு காட்டத்தான் ஆதியில கிரேக்கர் இந்தப் புள்ளியளைப் போட்டது, அதால இந்த விதியை முழுப் பொய் எண்டும் சொல்லேலாது.

மூண்டாவது கிழமை அந்தக் கெட்டிக்காரப் பிள்ளை கொண்டு வந்த வசனம் இது:

"த மேன், ஹூ செல்ஸ் கைட்ஸ், அட் கால் ஃபேஸ், இஸ், மை ஃபாதர்ஸ், ஃப்ரெண்ட்."

நான் கேட்டன், இதில ஏன் இவ்வளவு கொமா. "சேர்தானே சொன்னீங்க மூச்சு விடுற இடத்தில போட சொல்லி, நான் வாசிச்சு பாத்து பாத்து போட்டேன்" எண்டு சொல்லி எனக்கு வாசிச்சும் காட்டினா. சத்தியமா ஒவ்வொரு கொமாவிலயும் மூச்சு விட்டா. பழக்கமில்லாத பாஷையில வாசிக்கிற பிள்ளை ரெண்டு சொல்லுக்கு ஒருக்கா நிக்கும், அந்த மூச்சு பயத்தில வாற மூச்சு, வசனத்தின்ர அமைப்பில இருந்து வாறது இல்ல, அதை நம்பி கொமா போடச் சொன்னது என்ர மடைத்தனம். மூச்சு விதி ஏற்கனவே சரளமா வாசிக்கிறவருக்குத்தான் உதவும், அவருக்கு அந்த விதி தேவையும் இல்ல.

சிவப்புப் பேனையும் வேலை செய்யேல்ல. ஐஞ்சு கிழமையா ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துக்கு 30, 40 இடத்தில கோடு போட்டுக் குடுத்தன், பிள்ளையள் வாங்கி, மார்க்ஸை மட்டும் பாத்திட்டு, கொப்பிக்குள்ள மடிச்சு வச்சினம். பட்டப் பெடியன் ஆறாவது கிழமை எழுதினது முதல் கிழமை எழுதினதை விட ரெண்டு வரி கூட, புல் ஸ்டொப் அதே சைபர். அப்ப ஒருக்கா நான் கொஞ்சம் கடுமையாயும் கதைச்சனான், கவனமில்லாம எழுதுறாய் எண்டு. அவன் ஒண்டும் சொல்லேல்ல. அடுத்த கிழமை வகுப்புக்கும் வரேல்ல.

திரும்பின இடம்

அதே மண்டபத்தில எங்களுக்கு பிறகு தரம் 9 பிள்ளையளுக்கு தமிழ் படிப்பிக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வருவா. ஒரு நாள் நான் தாள் திருத்திக்கொண்டு இருக்கேக்க எட்டிப் பாத்தவா.

"தம்பி, இந்தப் பெடியன் தமிழ்ல எப்பிடி எழுதுறவன்?"

"தெரியேல்ல ரீச்சர். நான் தமிழ்ல ஒண்டும் எழுதக் குடுக்கேல்ல."

"அப்ப அவனுக்கு வசனம் கட்டத் தெரியாதெண்டு எப்பிடிச் சொல்றீர்? ஒருக்கா இதே கதையைத் தமிழ்ல எழுதச் சொல்லிப் பாருமன்."

அவன்ர வீட்டுக்கு ஃபோன் எடுத்து தாயோட கதைச்சு, அடுத்த கிழமை வரப் பண்ணி, அதே காலிமுகத்திடல் கதையைத் தமிழ்ல எழுதக் குடுத்தன். அவன் எழுதினது:

"போன ஞாயிறு மாமாவோட காலிமுகத்திடலுக்கு போயி, பட்டம் வாங்கி, காத்து நல்லா அடிச்சதால மேல விட்டு, நூல் அறுந்து கடல் பக்கம் போனத பாத்து தங்கச்சி அழ, இறால் வடை வாங்கி குடுத்து சமாதானப்படுத்தி வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம்."

ரீச்சரும் நானும் இருந்து எண்ணினம். வினையெச்சம் பத்து, போயி, வாங்கி, விட்டு, அறுந்து, பாத்து, அழ, வாங்கி, குடுத்து, சமாதானப்படுத்தி, கூட்டிட்டு. வினைமுற்று ஒண்டே ஒண்டு, வந்தோம். பிழையில்லாத வசனம், நல்ல வசனம் எண்டே சொல்லுவன், தங்கச்சி அழுததை ஒரு "அழ"வில முடிச்சிருக்கிறான் பாருங்கோ. இவன்ர இங்கிலீஷ் பக்கம் இதே வசனம்தான். பத்து எச்சத்தையும் ஒவ்வொரு இங்கிலீஷ் வினையா மாத்தி வரிசையா வச்சிட்டான், எச்சத்தின்ர வாலை மட்டும் கொண்டு போக இங்கிலீஷ்ல இடம் இல்ல, அதால எல்லாம் வெட்டின மாதிரி விழுந்திருக்கு.

ரீச்சர் அப்ப ஒரு விசயம் சொன்னவா, எனக்கு மொத்த வருசத்துக்கும் அதுதான் வழி காட்டினது. தமிழ்ல வினை கடைசியில வரும், அதுவும் முற்றா வந்தா வசனம் முடிஞ்சுது எண்டு காதே சொல்லும், புள்ளி வச்சாலும் ஒண்டுதான் வைக்காட்டிலும் ஒண்டுதான். ஓலையில எழுதின காலத்தில புள்ளியும் இல்ல கொமாவும் இல்ல, எல்லாரும் வாசிச்சவைதானே. நிறுத்தக்குறி எல்லாம் அச்சோட ஐரோப்பியரிட்ட இருந்து வந்தது, தமிழ் உரைநடையில அதை ஒழுங்கா பாவிச்சதில ஆறுமுக நாவலருக்கு பெரிய பங்கு, அவர் 1822ல பிறந்து 1879ல செத்தவர், அப்ப எங்களுக்கு இந்தக் குறியளோட பழக்கம் ரெண்டு நூற்றாண்டு கூட சரியா இல்ல. இங்கிலீஷ்ல வினை நடுவுக்க நிக்குது, அதுக்குப் பின்னால எவ்வளவு சொல்லும் வரலாம், எங்க முடியுது எண்டு எந்தச் சொல்லும் சொல்லாது, அதால புள்ளியும் அடுத்த வசனத்தின்ர பெரிய எழுத்தும் சேந்துதான் சொல்ல வேணும்.

"உம்மட பெடியனுக்குப் புள்ளி அலங்காரம் தம்பி. அவன்ர பாஷையில வினைமுற்றுத்தான் புள்ளி" எண்டா.

எனக்கு அண்டைக்கு கொஞ்சம் வெக்கமா இருந்தது, கவனமில்லை எண்டு ஏசினதுக்கு.

ரெண்டாவது முடிவு

ஓகஸ்ட்ல இருந்து வகுப்பை மாத்தினம். முடிவுகள் மூண்டு, மூண்டுக்கும் காரணம் எழுதிறன்.

முதலாவது, தமிழ்ல இருந்து தொடங்கிறது. பிள்ளையள் கதையைத் தமிழ்ல ஒரே வசனமா எழுத வேணும், எவ்வளவு நீளமா எழுதேலுமோ அவ்வளவு நல்லது. பிறகு எச்சம் எல்லாத்துக்கும் கீழ கோடு. பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில "ஆர்?" எண்ட கேள்வி. வாங்கினது ஆர், மாமா. அறுந்தது எது, நூல். அழுதது ஆர், தங்கச்சி. தமிழ்ல இந்த எழுவாயை அரைவாசி இடத்தில சொல்லத் தேவையில்ல, இங்கிலீஷ்ல ஒவ்வொரு இடத்திலயும் சொல்ல வேணும். ஆர், என்ன செய்தார், ரெண்டும் சேந்தா ஒரு வசனம், ஒரு புல் ஸ்டொப். எழுவாய், பயனிலை எண்ட சொல்லெல்லாம் தமிழ்ப் பாடத்தில ஏற்கனவே படிச்சது, புதுசா ஒண்டும் படிப்பிக்கத் தேவை இருக்கேல்ல, எட்டு வருசமா ரெண்டு பாடமும் ஒண்டை ஒண்டு பாக்காம இருந்திருக்கு அவ்வளவுதான்.

ரெண்டாவது, ரெண்டு கிழமைக்கு ஒரு பிழை மட்டும் திருத்துறது. முதல் ரெண்டு கிழமை வசன முடிவு மட்டும். "ஹி கோ" எண்டு எழுதினாலும் கை வைக்கிறதில்ல. இது எனக்கே கஷ்டமா இருந்தது, பேனை தானா போகும்.

மூண்டாவது, கொமாவால ரெண்டு வசனத்தை ஒட்டக் கூடாது. மூச்சு விதியை எடுத்திட்டு இதைத்தான் வச்சம். ரெண்டு "ஆர் என்ன செய்தார்" பக்கத்தில பக்கத்தில நிண்டா, நடுவில ஒண்டில் புல் ஸ்டொப், இல்லாட்டி அன்ட், பட், சோ மாதிரி சேக்கிற சொல்லு. வெறும் கொமா காணாது.

நடந்தது

பட்டப் பெடியன்ர கதை மூண்டாவது தரம் எழுதினது இப்பிடி: "மை அங்கிள் போட் எ கைட். த வின்ட் வொஸ் ஸ்ட்ரோங். த கைட் வென்ட் அப். த ஸ்ட்ரிங் ப்ரோக். மை சிஸ்டர் க்ரைட்." ஒரு பக்கத்தில 11 புல் ஸ்டொப். அவனே எண்ணி மேல எழுதி வச்சிருந்தான்.

பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு குறிக்கு போனம், கேள்வி எப்பவும் ஒண்டுதான், இங்கிலீஷ்ல இந்தக் குறி செய்யிற வேலையை தமிழ்ல எந்தச் சொல்லு செய்யுது. அப்பிடிக் கேட்டா வகுப்பு முழுக்க தேடும். "அம்மா கடைக்கு போ எண்டு சொன்னா" எண்டதில "எண்டு"தான் பேச்சு முடிஞ்ச இடத்தைக் காட்டுது, அப்ப இங்கிலீஷ்ல அந்த "எண்டு" எங்க? மேற்கோள் குறிதான். (வகுப்பில நான் "எண்டு" எண்டா பாதிப் பிள்ளையள் சிரிக்கும், அவை "ன்னு" சொல்ற ஆக்கள், கடைசியில போட்ல ரெண்டையும் எழுதினம்.) "வந்தியா" எண்டதில கடைசி "ஆ"தான் கேள்வி, அதால கேள்விக்குறியை மறந்தாலும் தமிழ்ல விளங்கும், இங்கிலீஷ்ல சொல்லைப் பிரட்டி குறியும் போட வேணும். "மாமாவோட பட்டம்" எண்டதில "ஓட", அது அப்போஸ்ட்ரஃபி எஸ். பன்மைக்கு அப்போஸ்ட்ரஃபி போடுற வியாதி கொழும்பில கடை போட்டுகளிலயே இருக்கு, அதை ரோட்டில பாத்து ஃபோட்டோ எடுத்து வரச் சொன்னன், ரெண்டு கிழமையில நிறைய வந்தது, அந்தப் பாடம் அதோட முடிஞ்சுது.

எதிர்பாராத ஒரு பிழை செப்டம்பர் தொடக்கத்தில வந்தது. "பிகோஸ் த வின்ட் வொஸ் ஸ்ட்ரோங்." எண்டு தனிய ஒரு வசனம், முன்னால பெரிய எழுத்து, பின்னால புள்ளி, வகுப்பில அரைவாசிப் பேர். நான் முதல்ல தடுமாறிப் போனன், ஏனெண்டா எங்கட விதிப்படி இதில ஆரும் இருக்கு என்னவும் இருக்கு. பிறகு தமிழ்ல சொல்லிப் பாத்தம். "பட்டம் மேல போனது. ஏனெண்டா காத்து நல்லா அடிச்சது." தமிழ்ல "ஏனெண்டா" ஒரு புது வசனத்தைத் தொடங்கும், தாராளமா தனிய நிக்கும். மேல நானே இந்தப் பந்தியில அப்பிடி எழுதப் பாத்தன். இங்கிலீஷ்ல பிகோஸ் வந்த வசனம் இன்னொண்டில சாய்ஞ்சுதான் நிக்கும், "அடிச்சதால" எண்ட மாதிரி. பிள்ளையளுக்கு அப்பிடிச் சொன்னன், பிகோஸ் எண்டா ஏனெண்டா இல்ல, "ஆல". "காத்து அடிச்சதால" எண்டு சொல்லிப்போட்டு ஆராவது நிப்பாட்டுவினமா எண்டு கேட்டன். இது எல்லாருக்கும் உடன பிடிபட்டுது. அகராதியில பிகோஸுக்கு ஏனெண்டா எண்டு பாடமாக்கினதுதான் வினை.

செப்டம்பர் 21 சனிக்கிழமை ஜனாதிபதித் தேர்தல், வகுப்பு இல்ல. அதுக்கு அடுத்த கிழமை பிள்ளையள் வழமை போல எல்லாத்தையும் மறந்து வந்தினம், அண்டைக்கு கொமாவுக்கு ஒரு கதை சொன்னனான். அமெரிக்காவில மேய்ன் மாநிலத்தில ஒரு பால் கம்பனியின்ர லொறி ட்ரைவர்மார் ஓவர்டைம் கேட்டு வழக்கு போட்டவை. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் இல்ல எண்டு சட்டத்தில ஒரு நீள லிஸ்ட், அதில கடைசியில "அனுப்புறதுக்காக பொதி பண்ணல் அல்லது விநியோகித்தல்" எண்டு வருது, நடுவில கொமா இல்ல. அது ரெண்டு வேலையா, இல்ல அனுப்புறதுக்கோ விநியோகிக்கிறதுக்கோ பொதி பண்ணுற ஒரே வேலையா? ஒரே வேலை எண்டா லொறி ஓடுறவருக்கு ஓவர்டைம் உண்டு, அவர் ஒண்டும் பொதி பண்ணேல்ல. 2017ல மேன்முறையீட்டு நீதிமன்றம் வசனம் தெளிவில்ல எண்டு ட்ரைவர்மார் பக்கம் சாய்ஞ்சுது, பிறகு கம்பனி 50 லட்சம் டொலர் குடுத்து முடிச்சது. பட்டப் பெடியன் இதை வீட்ட போய் தகப்பனுக்கு சொல்லியிருக்கிறான், அடுத்த கிழமை தகப்பன் மகனை விட வந்தவர் கேட்டில நிண்டு என்னட்ட கேட்டார், "சேர், அந்த கொமா கேஸ் மெய்யா?" எண்டு. தமிழ்ல அந்தச் சட்டத்தை எழுதியிருந்தா "பொதி பண்ணுறதும் விநியோகிக்கிறதும்" எண்டு ரெண்டு "உம்" போட்டிருப்பினம், வழக்கே வந்திராது. இதை ஒரு பிள்ளைதான் சொன்னது, நான் இல்ல.

பெற்றோர் பக்கம்

எல்லாம் நல்லா போனதெண்டு நினைக்கக் கூடாது. ஒக்டோபர்ல ரெண்டு தாய்மார் வந்தவை. ஒருவர் நேரா கேட்டா, "சேர், இங்கிலீஷ் கிளாஸுக்குன்னுதானே அனுப்புறோம், கொப்பிய பாத்தா தமிழா இருக்கு, பக்கத்துல கிளாஸ்ல எல்லாம் தமிழ் கதைச்சா ஃபைன் போடுறாங்க." மற்றவர் தாளைக் காட்டி, இதில இவ்வளவு பிழை இருக்கு, சேர் ஒண்டையும் திருத்தாம சரி போட்டிருக்கிறீங்கள் எண்டா. ரெண்டும் நியாயமான கேள்வி. நான் விளங்கப்படுத்தினன், முதல் தாளையும் இப்பத்தைய தாளையும் பக்கத்தில வச்சுக் காட்டினன். ஒருவர் ஏற்றுக்கொண்டா. மற்றவர் மகளை நிப்பாட்டி வேற டியூஷனுக்கு மாத்திட்டா, அது அந்தக் கொமாப் பிள்ளை. எனக்கு கவலைதான். நவம்பர்ல இன்னொரு பெடியனும் நிண்டுட்டான். கடைசியா 12 பேர்.

தமிழை விடுறதா எண்டு யோசிச்சனான். விடேல்ல. பிள்ளை தமிழ்ல நினைச்சுத்தான் எழுதுது, நாங்கள் கேட்டாலும் கேக்காட்டிலும், அதைக் கொப்பியில எழுத விட்டாத்தான் எங்க பிழைக்குது எண்டு கண்ணுக்கு தெரியும். ஆனா டிசம்பருக்குப் பிறகு தமிழ் வரைவை முதல் பத்து நிமிசத்துக்கு மட்டும் எண்டு குறைச்சம்.

புல் ஸ்டொப் கூடின வியாதி

தவணைப் பரீட்சை முடிஞ்சு பட்டப் பெடியன் ஸ்கூல் தாளைக் கொண்டு வந்தான். இங்கிலீஷ் மிஸ் கட்டுரைக்கு கீழ எழுதியிருந்தவா, வசனங்கள் சரி, ஆனா எல்லாம் தந்தி மாதிரி இருக்கு எண்டு. சரியான பேச்சு. நாலு மாசம் வெட்டப் படிப்பிச்சன், ஒட்டப் படிப்பிக்கேல்ல. ஓ/எல் கட்டுரை 200 சொல்லுக்கு கிட்ட, அதை நாலு நாலு சொல்லு வசனமா எழுதினா வாசிக்கிறவருக்கு பல்லுக் கூசும்.

ஜனவரியில இருந்து அதே எச்சத்தையே திரும்ப எடுத்தம், இந்தமுறை ஒட்டுறதுக்கு. "போயி, வாங்கி" எண்டு ஒரே ஆள் செய்த வேலையள் வரிசையா வந்தா, எழுவாயை ஒருக்கா சொல்லி கொமா போட்டு அடுக்கி கடைசிக்கு அன்ட்: "வீ வென்ட் டு கால் ஃபேஸ், போட் எ கைட் அன்ட் ஃப்ளூ இட்." ஆள் மாறினா, மாமா போய் நூல் வந்தா, புது வசனம் இல்லாட்டி வென் மாதிரி ஒரு சொல்லு: "வென் த ஸ்ட்ரிங் ப்ரோக், மை சிஸ்டர் க்ரைட்." இங்க தமிழ் வரிசையே காப்பாத்தினது, "நூல் அறுந்தப்ப தங்கச்சி அழுதா" எண்டு முதல்ல வாறதை முதல்ல வச்சா கொமா வேணும், பிரட்டி வச்சா பெரும்பாலும் கொமா தேவையில்ல. மூண்டு கிழமையில பாதிப் பேருக்கு வந்தது. மிச்சப் பேருக்கு பரீட்சை வரைக்கும் தந்திதான்.

ஹி கோஸ் பிரச்சினை தீரேல்ல. "அவன் போறான், அவ போறா" எண்டு தமிழ் வினையில ஆளின்ர அடையாளம் வாலில இருக்கு, இங்கிலீஷ்ல அந்த வால் தேய்ஞ்சு எஸ் மட்டும் மிஞ்சியிருக்கு எண்டு சொல்லிப் பாத்தன். பிள்ளையள் தலையாட்டினவை, எழுதேக்க விட்டவை. இதில ஒரு பெடியன், தாயோட வீட்டில சிங்களம்தான் கதைக்கிறவன், கையை உயர்த்தி, "சேர், சிங்களத்துல மம யனவா, எயா யனவா, ரெண்டுக்கும் ஒண்டுதானே" எண்டான். பேச்சுச் சிங்களத்தில உண்மையா அப்பிடித்தான், ஆள் மாறினாலும் வினை மாறாது. எச்சம் எடுத்துக் கோடு போடுறது அவனுக்கும் நல்லா வேலை செய்தது, சிங்களத்திலயும் வினை கடைசியில, "கிஹில்லா" எண்டு எச்சமும் இருக்கு, ஆனா இந்த எஸ் விசயத்தில என்ர உவமை அவனிட்ட செல்லேல்ல. எல்லாப் பிள்ளையும் வீட்டில தமிழ்தான் கதைக்குது எண்டு நான் எடுத்துக்கொண்டது பிழை, அதுவும் கொழும்பு 13ல.

முடிவு

2025 மார்ச்ல பரீட்சை, ஜூலையில ரிசல்ட். 12 பேரில ஒருவருக்கு டபிள்யூ, அதாவது ஃபெயில். பட்டப் பெடியனுக்கு சி, அவன் எதிர்பாத்தது அதுக்கு கீழ உள்ள வெறும் பாஸ், எஸ். இதை எங்கட வகுப்பால எண்டு சொல்ல மாட்டன், ஸ்கூல் மிஸ்ஸும் கடைசி மூண்டு மாசம் பின்னேரம் வச்சுப் படிப்பிச்சவா, பழைய பேப்பர் நிறைய செய்விச்சவா. நான் கண்ணால கண்டது ஒண்டுதான், பெப்ரவரியில அவன் எழுதின பக்கங்களில புல் ஸ்டொப் இல்லாம ஒட்டிக்கொண்ட வசனம் ஒண்டு ரெண்டுதான், அதையும் திரும்ப வாசிக்கேக்க தானே விரல் வச்சு ஆர், என்ன எண்டு கேட்டு வெட்டினான்.

ரிசல்ட் வந்த அண்டிரவு எனக்கு வட்ஸ்அப் பண்ணினவன், தமிழ்ல, எட்டு வரி, சி வந்தது, தகப்பன் கேக் வாங்கினது, தங்கச்சி ஆடினது, வீட்ட வரச் சொன்னது எல்லாம். ஒரு புள்ளி இல்ல. எல்லாம் விளங்கினது.

திரும்பச் செய்தா மாத்துறது

முதல் நாளே அதே கதையைத் தமிழ்லயும் எழுதக் குடுப்பன். ஆறு கிழமையை வீணாக்கினது இதைச் செய்யாததாலதான்.

மூச்சு விதியை வாயாலயும் சொல்ல மாட்டன்.

வெட்டுறதையும் ஒட்டுறதையும் மாசக்கணக்கா பிரிச்சு வைக்க மாட்டன், மூண்டாவது கிழமையிலயே ரெண்டு வசனத்தை ஒட்டக் குடுப்பன். தந்தி எழுத்து நான் குடுத்த வருத்தம், பிள்ளையளிட்ட இருந்து வந்தது இல்ல.

வீட்டில என்ன பாஷை எண்டு கேட்டு எழுதி வைப்பன். எஸ் விசயத்துக்கு இன்னும் என்னட்ட நல்ல வழி இல்ல, இந்த வருசம் விளக்கத்தை விட்டுட்டு, ஒரே ஆளைப் பற்றி, தகப்பனோ அம்மம்மாவோ, தினம் செய்யிற வேலையளை ஒவ்வொரு கிழமையும் ஐஞ்சு வரி எழுதப் பண்ணிப் பாக்கிறன். இப்ப நாலு கிழமை ஆச்சு, பாதி வரியில எஸ் இருக்கு, பாதியில இல்ல.

பெற்றோரை முதல் சனிக்கிழமையே கூப்பிட்டு பின் வாங்கில இருத்தி, அவையையும் ஒரு தமிழ் வசனம் எழுதி எச்சத்துக்கு கோடு போடச் சொல்லுவன். இந்த வருசம் அப்பிடித்தான் தொடங்கினது. ஒரு அம்மா 14 எச்சம் போட்டவா, வகுப்பில அதை இன்னும் ஒருத்தரும் முந்தேல்ல.